ஆர்என்ஏ ஊசி போட்டால் பிபி மாத்திரை வேண்டாமா?

"உயர் ரத்த அழுத்தத்துக்குக் காரணம் உப்பு அல்ல, உடம்பிலுள்ள ஒருவகை ஆர்என்ஏதான். ஒரே ஊசியில் ஆயுளுக்கும் சரியாகிவிடும், மாத்திரையை நிறுத்துங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதி உண்மையில் கட்டிய பொய் இது.

ஆர்என்ஏ என்பது டிஎன்ஏவைப் பார்த்துச் செல் எடுக்கும் நகல் மூலக்கூறு. புரதம் தயாரிக்கக் குறிப்பு தராத ஆர்என்ஏக்கள் நம் செல்களில் ஏராளம். அவற்றில் மைக்ரோ ஆர்என்ஏக்கள் சுமார் 22 எழுத்து (வேதி அலகு) நீளமே. புரதக் குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியைக் குறைப்பது இவற்றின் வேலை. ரத்தக்குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோனின் ஏற்பியை (செல்லில் அது ஒட்டும் புரதத்தை) மிர்-155 என்ற மைக்ரோ ஆர்என்ஏ இப்படித்தான் அடக்குகிறது. சிலருக்கு அந்த ஏற்பியின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அப்போது இந்தப் பிடி தளர்வதை ஆய்வகச் சோதனைகள் காட்டின. சிறுநீரகத்தில் மிர்-181ஏ என்ற இன்னொன்று, ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தொடங்கிவைக்கும் ரெனின் நொதியைக் கட்டுப்படுத்துகிறது.

சரி, அதனால் உப்பு நிரபராதியா? இல்லை. உப்பு, எடை, வயது, பரம்பரை எல்லாம் சேர்ந்துதான் அழுத்தம் ஏறுகிறது. நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை அப்படியே இருக்கிறது.

அப்புறம் அந்த ஊசி. ஜிலெபெசிரான் என்ற செயற்கை ஆர்என்ஏ மருந்து, கல்லீரலில் ஆஞ்சியோடென்சினின் மூலப்பொருளான ஆஞ்சியோடென்சினோஜன் உற்பத்தியைக் குறைக்கிறது. 2023-இல் வெளியான முதற்கட்டச் சோதனையில், 200 மி.கி. அல்லது அதற்கு மேல் ஒருமுறை போட்டவர்களுக்கு எட்டாவது வாரத்தில் மேல் அழுத்தம் (சிஸ்டாலிக்) 10 மி.மீ. பாதரச அளவுக்கும் அதிகமாகக் குறைந்தது. பலன் 24 வாரம் நீடித்தது. நல்ல முடிவுதான், ஆனால் ஆயுளுக்கு அல்ல. டிஎன்ஏவை அது மாற்றுவதில்லை. குளோனிடின் போன்ற பிபி மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலோ அழுத்தம் ஆபத்தாக எகிறும்.