அன்று ருசித்த பாஸ்தா இன்று ஏன் சப்பென்றிருக்கிறது?

முதல்முறை போனபோது அசத்திய இத்தாலிய உணவகம். அடுத்தமுறை அதே மேசை, அதே பாஸ்தா, வாயில் வைத்ததும் சப்பென்றிருக்கும். உடனே "செஃப் மாறிட்டார் போல" என்போம். மாறியிருக்கலாம். ஆனால் பெரும்பாலும் மாறியிருப்பது பாஸ்தா வேகும் வேளை. அன்று ஆர்டர் கொடுத்தபின் வெந்தது, இன்று காலையிலேயே வெந்துவிட்டது.

காய்ந்த ஸ்பகெட்டி வேக 8 முதல் 10 நிமிடம் ஆகும். கூட்டம் நிரம்பிய இரவில் அந்தப் பத்து நிமிடம் சமையலறைக்குப் பெரும் பாரம். அதனால் முக்கால் பதத்தில் எடுத்து ஆறவைத்து, ஒட்டாமலிருக்க எண்ணெய் பிசறி, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். ஆர்டர் வந்ததும் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி, சாஸில் புரட்டினால் தட்டு தயார். உடனே குளிரவைத்து அன்றைக்கே தீர்த்தால் ஓரளவு தேறும். மறுநாள் வரை கிடந்தால் குழைந்துவிடும்.

இதில் முதல் வில்லன் அந்த எண்ணெய். பாஸ்தாமேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் சாஸ் பிடிக்காமல் வழுக்கித் தட்டின் அடியில் தேங்கும். அடுத்து, சாஸையும் பாஸ்தாவையும் சேர்த்துவைப்பது பாஸ்தா வெந்த நீரில் கரைந்திருக்கும் மாவுச்சத்து. பதம் வருவதற்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்பே பாஸ்தாவை எடுத்துச் சாஸ் இருக்கும் வாணலியில் போட்டு, வெந்த நீர் ஒரு கரண்டி ஊற்றி வேகமாகக் குலுக்க வேண்டும். நீரும் கொழுப்பும் கலந்து, பளபளவென்று ஒவ்வொரு இழையிலும் ஏறும். இத்தாலியர்கள் இதை மாந்தெகாத்தூரா என்பார்கள். காலையில் வெந்த பாஸ்தா தன் மாவுச்சத்தைக் காலை நீரிலேயே விட்டுவிட்டது. இரவில் அதைக் குலுக்கி என்ன பயன்?

உப்பும் அப்படித்தான். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் நீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியில் வழக்கமான கணக்கு. உப்பு உள்ளே இறங்குவது வேகும்போதுதான். அங்கே குறைத்துவிட்டுச் சாஸில் கூட்டினால் சாஸ் கரிக்கும், பாஸ்தா சப்பென்றே இருக்கும்.

இந்த ஓட்டைகளையெல்லாம் அடைக்க வருவது கிரீம். ரோமாபுரிப் பாஸ்தாவான கார்போனாராவில் கிரீம் கிடையாது. முட்டை (பெரும்பாலும் மஞ்சள் கரு), பெக்கோரினோ ரொமானோ என்ற செம்மறியாட்டுப்பால் சீஸ், பன்றிக் கன்னத்து இறைச்சியான குவான்சாலே, மிளகு, அவ்வளவுதான். மஞ்சள் கரு 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் கெட்டிப்படத் தொடங்கும், சூடு இன்னும் ஏறினால் திரிந்து கட்டிகட்டியாகும். அடுப்பிலிருந்து இறக்கிக் கலக்கும் அந்த அரை நிமிடத்துக்குப் பழகிய கை வேண்டும். கிரீம் ஊற்றினால் யாரும் செய்யலாம், தட்டு காத்திருந்தாலும் திரியாது. போனமுறை மஞ்சளாக வந்த கார்போனாரா இந்தமுறை வெள்ளைவெளேரென்று வந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

ரிசொட்டோ என்ற அரிசி உணவு விஷயத்தில் இவ்வளவு கறார் வேண்டாம். முக்கால் பதத்தில் தட்டில் பரப்பி ஆறவைத்து, கடைசி ஐந்து நிமிடத்தை ஆர்டருக்குப் பின் முடிப்பது நல்ல உணவகங்களிலும் உண்டு. தட்டைச் சாய்த்தால் அலைபோல் நகர்ந்தால் சரி, மேடாக நின்றால் ஆறிப்போனது.

பீட்ஸாவில் சிக்கல் சூடுதான். நேப்பிள்ஸ் பாணிக்கு 430 முதல் 480 டிகிரி, 60 முதல் 90 விநாடி. ஓயாமல் ஆர்டர் விழுந்து ஓவன் கல் சூடிறங்கினால், பீட்ஸா நிமிடக்கணக்கில் உள்ளே கிடந்து விளிம்பு வறண்டுபோகும். நடுவில் நீர் தேங்கினால் மொஸரெல்லா சீஸை வடியவைக்கவில்லை என்று அர்த்தம்.

சந்தேகம் இருந்தால் மெனுவிலேயே எளியதைக் கேளுங்கள்: ஆல்யோ எ ஒலியோ பாஸ்தா. பூண்டு, ஆலிவ் எண்ணெய், மிளகாய் தவிர ஒளிந்துகொள்ள இடமில்லை. ஐந்து நிமிடத்துக்குள் தட்டு வந்தால் அது முன்பே வெந்தது. (புதிதாகப் பிசைந்த முட்டைப் பாஸ்தாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது 2, 3 நிமிடத்தில் வெந்துவிடும்.) ஒரு இழையைக் கடித்து, கடித்த இடத்தைப் பாருங்கள். நடுவில் ஊசிமுனையளவு வெளிறிய புள்ளி தெரிந்தால் பதம் சரி.

குறை சொல்வதானால் இரண்டாம் வாய்க்குள் சொல்லுங்கள். "நல்லா இல்லை" என்றால் பரிமாறுபவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். "பாஸ்தா குழைஞ்சிருக்கு, புதுசா வேகவெச்சுத் தாங்க, பத்து நிமிஷம் காத்திருக்கேன்" என்றால் சமையலறைக்கு விஷயம் புரிந்துவிடும்.