குளோண்டைக் கனடாவில் உள்ளது

1896-இல் தங்கம் கிடைத்த குளோண்டைக் பகுதி அலாஸ்காவில் இருப்பதாக மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அதையே மேலும் சிலர் வழிமொழிந்துள்ளனர். பணிவுடன் திருத்த விரும்புகிறேன்: அப்பகுதி கனடாவின் யூகான் பிரதேசத்தில் உள்ளது.

இந்தக் குழப்பத்தின் காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. தங்கம் தேடி வடக்கே புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் சியாட்டில் போன்ற துறைமுகங்களிலிருந்து கப்பலேறி, அலாஸ்காவின் ஸ்காக்வே, டயீ ஆகிய ஊர்களில் இறங்கி, அங்கிருந்து சில்கூட், வைட் கணவாய்களைக் கடந்தே கனடாவுக்குள் நுழைந்தனர். கணவாய் உச்சியில் கனடாவின் காவல் படையினர் நின்று, ஏறக்குறைய ஓராண்டுக்குத் தேவையான உணவுப்பொருள் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பினர் என்பதே எல்லை எங்கே இருந்தது என்பதைக் காட்டிவிடுகிறது. (அத்தனை மூட்டைகளையும் பலமுறை ஏறி இறங்கித்தான் சுமந்திருக்கிறார்கள்.)

ஐயம் இருப்பவர்கள் எந்த இணைய வரைபடத்திலும் குளோண்டைக் தங்க வேட்டையின் மையமாக விளங்கிய டாசன் நகரத்தைத் தேடலாம். யூகானுக்கும் அலாஸ்காவுக்கும் இடையிலான எல்லை, தென்மேற்கு மூலை தவிர, மேற்குத் தீர்க்கரேகை 141 பாகையில் செல்கிறது. டாசன் ஏறத்தாழ 139 பாகையில், அதாவது எல்லைக்குக் கிழக்கே, கனடாவின் பக்கம் அமைந்திருப்பதைக் காணலாம். அலாஸ்காவில் நிகழ்ந்த நோம் தங்க வேட்டை இதற்குச் சற்றுப் பிந்தைய, வேறொரு நிகழ்வு.