சங்கத்தில் வென்டிலேட்டர் வாங்கி வைக்கப் போகிறார்களாம்

எங்கள் தண்டையார்பேட்டை ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் இப்போது இதே பேச்சுதான். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு போர்ட்டபிள் வென்டிலேட்டர் வாங்கிச் சங்கக் கட்டடத்தில் வைத்துவிடலாமாம், மறுபடியும் 2021 கோவிட் மாதிரி ஏதாவது வந்தால் நம்ம ஜனம் பெட் கிடைக்காமல் தவிக்க வேண்டாமாம். மனசு நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் இந்த மெஷின்களைச் சர்வீஸ் பண்ணுவதுதான் என் பிழைப்பு, அதனால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்: சங்கத்தில் வைக்காதீர்கள்.

சின்ன மெஷின் மட்டம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிற பெரிய டாக்டர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. 2021 மே 21 அன்று மட்டும் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. அந்த வாரங்களில் அரசு ஆஸ்பத்திரி வாசல்களில் ஆம்புலன்ஸ் வரிசையாக நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். வேறு எங்கேயோ மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டு அனுப்பியிருப்பார்கள், இங்கே பெட் இருக்காது, வண்டிக்குள் மகனோ மருமகனோ, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற ஆம்பு பேக்கை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பயத்தில் யாருக்கும் கை வேகமாகத்தான் போகும். அப்படி அமுக்கினால் உள்ளே போன காற்று வெளியே வர நேரமே கிடைக்காது, நெஞ்சுக்குள் தேங்கித் தேங்கி ரத்த அழுத்தம் விழும், அமுக்குகிறவனுக்கோ தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு. அந்த இடத்தில் டிபன் கேரியர் அளவுக்கு ஒரு மெஷின் இருந்து, நிமிடத்துக்கு இத்தனை மூச்சு, மூச்சுக்கு இவ்வளவு காற்று என்று சீராகக் கொடுத்தால் அது தங்கம். ஐசியூ மெஷினோடு அதை ஒப்பிடுவதே தப்பு. ஒப்பிட வேண்டியது அந்தப் பையனின் நடுங்குகிற கையோடு.

ஆனால் எவ்வளவு நேரம்? பலர் யோசிக்காதது இதைத்தான். மெஷின் ஆக்ஸிஜனைத் தயாரிக்காது. பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் இரண்டரை மணி நேரத்தில் காலி. பெரிய டி டைப்பில் 7,000 லிட்டர், அதுவும் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டாது. சுற்றியுள்ள காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கிற கான்சன்ட்ரேட்டரில் மாட்டலாமே என்று ஒரு அண்ணன் கேட்டார். உள்ளேயே காற்றைத் தள்ளுகிற விசிறி (டர்பைன்) உள்ள சில மாடல்கள் குறைந்த அழுத்தத்தில் வரும் ஆக்ஸிஜனையும் எடுத்துக்கொள்ளும். சிலிண்டரின் அழுத்தத்தில் ஓடுகிற மாடல் என்றால் அசையவே அசையாது. அப்புறம் பேட்டரி, அதுவும் சில மணி நேரம்தான்.

இதையெல்லாம் காசு போட்டுச் சரி பண்ணிவிடலாம், ஆள்தான் பிரச்சினை. ட்யூப் போட்டவருக்குச் சளி கட்டும், அவரால் இரும முடியாது, சளியை உறிஞ்சி எடுக்கிற சக்‌ஷன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அலாரம் அடித்தால் ட்யூப் நகர்ந்ததா, அடைத்ததா, நுரையீரல் ஓட்டையாகி நெஞ்சுக்குள் காற்று கோர்த்ததா, மெஷினே கோளாறா என்று நிமிஷத்தில் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல சிஸ்டர் என்றால் முதலில் மெஷினைக் கழற்றி ஆம்பு பேக்கை மாட்டுவார், காரணம் தேடுவது அதற்கப்புறம்தான். பழக்கமில்லாதவர் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பார், இல்லை அலாரத்தை ஆஃப் பண்ணுவார். ஆஃப் பண்ணியதை நானே பார்த்திருக்கிறேன், எங்கே என்று கேட்காதீர்கள்.

2020-ல் பி.எம். கேர்ஸ் பணத்தில் 2,000 கோடி ரூபாய்க்கு 50,000 வென்டிலேட்டர் என்று அறிவித்தார்கள். அடுத்த வருஷம் நாடே மூச்சுக்குத் தவித்தபோது, இயக்க ஆள் இல்லாமல் பல ஊர்களில் அவை சும்மா கிடக்கின்றன என்று செய்தி வந்தது. 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது நடந்தது இதற்கு நேர் எதிர். மெஷின் போதாமல், சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக் கையாலேயே பை அமுக்கி நோயாளிகளைக் காப்பாற்றினார்கள். ஆனால் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்திலேயே டாக்டர்கள் இருந்தார்கள்.

நம்ம பக்கத்துக்கு இது கோவிட் கதை மட்டும் இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மூச்சுத் திணறிய ஜனம் தெருவுக்கு ஓடி வந்தது. மணலியிலும் எண்ணூரிலும் இவ்வளவு ஆலைகளை வைத்துக்கொண்டு, ஒரே ராத்திரியில் கேஷுவாலிட்டி நிரம்பாது என்று யார் சொல்ல முடியும்? அதனால் சின்ன வென்டிலேட்டர் இருக்க வேண்டிய இடம் வடசென்னையின் புறநகர் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியும் 108 வண்டியும்தான். நிரந்தர வேலையில் இருக்கிற ஒரு சிஸ்டர் பொறுப்பில் இருக்கட்டும், மாசம் ஒரு தடவை சார்ஜ் போட்டு ஓட்டிப் பார்க்கட்டும். பெரிய ஐசியூவில் பெட் கிடைக்கும் வரை, சில மணி நேரம், மிஞ்சினால் ஒரு நாள் தாக்குப்பிடிக்கத்தான் அது. விறைத்துப்போன நுரையீரலை வாரக்கணக்கில் ஓட்ட அடிப்படை மாடல்களால் ஆகாது.

குரூப்பில் ஞாயிற்றுக்கிழமை முடிவு பண்ணுகிறார்களாம். நம்ம ஏரியா ஆஸ்பத்திரி ஆர்.எம்.ஓ.வை (நிலைய மருத்துவ அலுவலரை) போய்ப் பார்த்து, வென்டிலேட்டர் கொடுத்தால் எந்த வார்டு, எந்த ஷிஃப்டில் யார் பார்ப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். உருப்படியாகப் பதில் வந்தால் என் பங்கை அன்றைக்கே போட்டுவிடுகிறேன், வருஷா வருஷம் சர்வீஸும் இலவசம். சங்கத்துக்குத்தான் ஏதாவது வாங்கியே தீர வேண்டும் என்றால் நாலு பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் இரண்டு கான்சன்ட்ரேட்டரும் போதும்.