பேட்டரி செத்த பிறகு யார் வருவார்?

மலைக்கிராமத்துக்கு இலவச சோலார் விளக்கு கொடுத்த படம் ஒன்று இந்த வாரம் மூன்று நான்கு நண்பர்கள் வழியாக என் கண்ணுக்கு வந்துவிட்டது. ஒரே நிற டீ ஷர்ட்டில் ஏதோ ஒரு ஆபீஸ் இளைஞர்கள், வரிசையில் பெண்கள், ஆளுக்கொரு விளக்கு, பின்னால் பேனர். நல்ல மனசுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான் இன்வெர்ட்டரும் பேட்டரியும் விற்று, பழுது பார்த்துப் பிழைக்கிறவன். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு எழும் கேள்விகளே வேறு. உள்ளே என்ன பேட்டரி? அது இறங்கிப்போனால் மாற்ற யார் இருக்கிறார்கள்? அந்த ஆளுக்குச் சம்பளம் யார் தருவார்?

சோலாரில் பேனல் கெடுவது அபூர்வம். தூசியைத் துடைத்து, பக்கத்து மரக்கிளை நிழல் விழாமல் பார்த்துக்கொண்டால் இருபது வருஷம் ஓடும். எல்இடியும் சட்டென்று போகாது. செத்துப்போவது பேட்டரிதான். லெட் ஆசிட் (ஈய அமில பேட்டரி) என்றால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாலைந்து வருஷம், கையில் தூக்கிப்போகும் சின்ன விளக்கில் இருக்கும் லித்தியம் என்றால் பல சமயம் இன்னும் குறைவு. அதுவும் ஒழுங்காகப் பயன்படுத்தினால். பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்காமல் தடுக்கத்தான் சார்ஜ் கன்ட்ரோலர் என்று ஒரு பெட்டி வைக்கிறார்கள். டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது அது சிவப்பு காட்டி கட் செய்துவிட்டால், வீட்டில் இருக்கும் விவரமான பையன் கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு பேட்டரியிலிருந்தே நேராக வயர் இழுத்துவிடுவான். அன்றைக்கு டிவி ஓடும். அப்படியே சில மாதம் ஓட்டினால் பேட்டரி தூக்கிப்போடத்தான் லாயக்கு. அந்தப் பையன் மேல் தப்பே இல்லை. அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கேட்கவும் பக்கத்தில் ஆள் இல்லை.

விலை பெரிய தடையாக இருந்த காலம் ஒன்று உண்டு. இரண்டு சிஎஃப்எல் விளக்கு எரிய 37 வாட் பேனலும் 12 வோல்ட் 40 ஏஹெச் (ஆம்பியர் மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியும் வேண்டும் என்பதுதான் அன்றைய அரசு அளவு. இன்று 11 வாட் சிஎஃப்எல் தந்த வெளிச்சத்தை 5, 6 வாட் எல்இடி தருகிறது. அதனால் பேனலும் பேட்டரியும் பாதியாகச் சுருங்கிவிட்டன. பேனல் விலையும் 2010க்குப் பிறகு அடிமாட்டு விலைக்கு வந்துவிட்டது. ஆக, பொருள் மலிந்துவிட்டது. சர்வீஸ் மலியவில்லை.

இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் ஹரீஷ் ஹண்டே. 1995இல் கர்நாடகத்தில் செல்கோ நிறுவனத்தைத் தொடங்கியவர், 2011இல் மகசேசே விருது வாங்கினார். ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது டொமினிகன் குடியரசிலும் இலங்கையிலும் கிராமங்களில் தங்கிப் பார்த்துவிட்டு வந்தவர். தெருவோர வியாபாரி ஒருவர் மாதம் 300 ரூபாய் என்றால் முடியாது, நாளுக்கு 10 ரூபாய் என்றால் தரலாம் என்று தன்னிடம் சொன்னதை அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் தினக்கூலி வாங்குகிறவர் கையில் மாதக் கடைசியில் 300 ரூபாய் சேர்ந்து நிற்காது. எங்கள் கடையிலும் இதைத் தினமும் பார்க்கிறேன். செல்கோ செய்தது என்னவென்றால், கிராமிய வங்கிகளிடம் போய், இந்தப் பூக்காரருக்கு, இந்த விவசாயிக்கு, அவரவர் வருமானம் வரும் விதத்தில் தவணை வைத்துக் கடன் கொடுங்கள் என்று பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தது. கூடவே வீட்டுக்கே வந்து பார்க்கும் சர்வீஸ் கிளைகள்.

ஆனாலும் இந்த விஷயத்தில் உலகமே பார்த்துப் படிக்க வேண்டிய ஊர் வங்கதேசம். ஏறியதற்கும் அதுதான் பாடம், இறங்கியதற்கும் அதுதான்.

2003இல் இட்கால் என்ற அரசு நிதி நிறுவனம் அங்கே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2008க்குள் 50,000 வீடுகளுக்கு சோலார் என்பது இலக்கு. 2005லேயே முடித்துவிட்டார்கள். கடைசியில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள், ஏறக்குறைய 2 கோடி மக்கள். இட்கால் தானே போய் யார் வீட்டிலும் பேனல் மாட்டவில்லை. கிராமங்களில் ஏற்கெனவே வேர் பிடித்திருந்த அமைப்புகளுக்குப் பணம் கொடுத்து, தரத்தை மட்டும் கறாராகப் பார்த்தது. அதில் பெரியது 1996இல் தொடங்கிய கிராமீன் சக்தி.

வீட்டுக்காரர் முன்பணமாக ஒரு சின்னப் பங்கைக் கட்டுவார். மிச்சம் இரண்டு மூன்று வருஷத்தில் மாதத் தவணை. மண்ணெண்ணெய்க்கும் டார்ச் பேட்டரிக்கும் போன காசு தவணைக்குப் போகும். நான் ரசிக்கும் இடம் இதற்கு அடுத்தது. தவணை வாங்க வருகிறவரும் சிஸ்டத்தைப் பார்க்கிறவரும் ஒரே ஆள்! விளக்கு எரியவில்லை என்றால் அந்த அம்மா தவணை தருவாரா? மாட்டார். அதனால் வந்தவர் முதலில் பேட்டரி தண்ணீரைப் பார்ப்பார், டெர்மினலைச் சுத்தம் செய்வார், அப்புறம்தான் காசு கேட்பார். மேலிருந்து ஒரு அதிகாரி வந்து மேற்பார்வை பார்க்கத் தேவையே இல்லை, கடனே மேற்பார்வை பார்த்துக்கொண்டது. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து டெக்னீஷியன் ஆக்கினார்கள். பேட்டரிக்கு ஐந்து வருஷ வாரண்டி கட்டாயம்.

இவ்வளவு நன்றாகப் போனது எப்படிச் சரிந்தது? மூன்று காரணங்கள் ஒன்றாக வந்தன. மின்கம்பி எதிர்பார்த்ததை விட வேகமாகக் கிராமங்களுக்கு வந்தது. அதை யாரும் கெட்டது என்று சொல்ல முடியாது. தரமில்லாத மலிவு பேனல்கள் சந்தைக்குள் புகுந்தன. மூன்றாவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கிராம நிவாரணப் பணிகளுக்கான நிதியில் ஒரு பங்கை எடுத்து அரசே சோலாரை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்கு இலவசமாக வரும்போது நான் மட்டும் எதற்குத் தவணை கட்ட வேண்டும்? நானாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். தவணை நின்றது, தவணையில் சம்பளம் வாங்கிய ஆள் நின்றார், அமைப்புகள் இட்காலுக்குத் திருப்பிக் கட்ட முடியாமல் கடனில் மாட்டின. இலவசம் வாங்கிய வீட்டுக்கும் கடைசியில் பேட்டரி பார்க்க ஆள் இல்லை.

நம் ஊரில் இலவசத்தைப் பற்றிப் பேசினால் உடனே ‘ஏழைக்குக் கொடுத்தால் உனக்கு ஏன் எரிகிறது’ என்று வருவார்கள். கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2011இல் தமிழக அரசு பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடி வீட்டோடு ஐந்து சோலார் விளக்கும் சேர்த்துக் கொடுத்தது. தவணை கட்டவே முடியாத குடும்பத்துக்கு அரசுதான் கொடுக்க வேண்டும், வேறு யார் கொடுப்பார்? என் சண்டை கொடுப்பதோடு நின்றுவிடுவதைப் பற்றி. 2017இல் வந்த மத்திய அரசின் சௌபாக்யா மின் இணைப்புத் திட்டத்தில் கம்பி போக முடியாத வீடுகளுக்கு 200 முதல் 300 வாட் பேனல், ஐந்து எல்இடி, ஒரு மின்விசிறி என்று கொடுத்தபோது ஐந்து வருஷப் பராமரிப்பையும் சேர்த்தே எழுதினார்கள். காகிதத்திலாவது இது சரியான யோசனை. இலவசமாகக் கொடு, ஆனால் ஆளுக்கும் சேர்த்துக் கொடு.

கென்யாவில் எம்-கோபா என்ற நிறுவனம் இதே கதையை போன் வழியாகச் செய்தது. கொஞ்சம் முன்பணம், அப்புறம் ஒரு வருஷம் நாளுக்கு 50 ஷில்லிங்கை எம்-பெசா என்ற போன் வழிப் பணச் சேவையில் அனுப்ப வேண்டியிருந்தது. கட்டாவிட்டால் பெட்டிக்குள் இருக்கும் சிம் விளக்கைப் பூட்டிவிடும். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. தவணை கேட்டு வாசலுக்கு ஆள் வருவதை விட இது மரியாதையானது என்று சிலர் சொல்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் கட்டாத வீட்டில் விளக்கு தானாக அணைவதை எந்த மரியாதையில் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை. அந்த நிறுவனம் பின்னால் ஸ்மார்ட்போன் தவணை வியாபாரத்துக்குப் பெரிதாக நகர்ந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விளக்கு கொடுத்துவிட்டு மின்சாரம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லக் கூடாது. பீகாரில் ஜெகானாபாத் மாவட்டத்தில் தர்னாய் என்ற கிராமம். முப்பது வருஷமாகக் கரண்ட் இல்லை. 2014இல் கிரீன்பீஸ் அங்கே 100 கிலோவாட் சோலார் மைக்ரோகிரிட், அதாவது ஊருக்கே பொதுவான ஒரு சின்ன மின் அமைப்பை அமைத்தது. தொடங்கிவைக்க நிதிஷ் குமார் வந்தபோது, எங்களுக்கு அசல் கரண்ட் வேண்டும், போலி கரண்ட் வேண்டாம் என்று ஊர் மக்களே கோஷம் போட்டார்கள். கொஞ்ச நாளில் கம்பி வந்தது. மானியத்தில் வந்த கம்பிக் கரண்ட் சோலாரை விட மலிவு, ஃப்ரிட்ஜ் போட்டாலும் தாங்கும். பேட்டரிகள் செத்தன, பின்னாளில் அந்த இடம் மாட்டுக்கொட்டகை ஆனது. இதைச் சொல்லிச் சோலாரைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த மக்கள் கேட்டது முழுக்க நியாயமாகப் படுகிறது. நகரத்தில் நாம் ஏசி போட்டுக்கொண்டு, அவர்களுக்கு மட்டும் ஐந்து வாட் போதும் என்று எப்படி முடிவு செய்ய முடியும்? உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் நடந்த ஓர் ஆய்வும் 2017இல் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. சின்ன சோலார் இணைப்பால் மண்ணெண்ணெய்ச் செலவு குறைந்தது, ஆனால் சேமிப்பிலோ தொழிலிலோ பிள்ளைகள் படிக்கும் நேரத்திலோ பெரிய மாற்றம் தெரியவில்லை. விளக்கு புகையைக் குறைக்கும், தீ விபத்தைக் குறைக்கும். அதற்கு மேல் அதன் தலையில் ஏற்றக் கூடாது.

அப்படியானால் சோலார் விளக்கு தேவையில்லையா என்றால், தேவைதான். ஆப்பிரிக்காவில் மட்டும் சுமார் 60 கோடிப் பேர் இன்னும் கரண்ட் இல்லாமல் இருக்கிறார்கள், கம்பி வரும்வரை இருட்டில் இருங்கள் என்று சொல்ல முடியாது. ராஜஸ்தானில் திலோனியா கிராமத்தில் இருக்கும் பேர்ஃபுட் கல்லூரி இதற்கு ஒரு வழி காட்டியது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளை வரவழைத்து, ஆறு மாதத்தில் சர்க்யூட் போர்டு சால்டர் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். பொது மொழி கிடையாது, நிறத்தை வைத்தும் சைகையிலும்தான் பாடம். ஏன் பாட்டிகள் என்றால், இளைஞனுக்குச் சான்றிதழ் கொடுத்தால் அவன் நகரத்துக்கு வேலை தேடிப் போய்விடுவான், பாட்டி ஊரை விட்டுப் போக மாட்டார் என்பதுதான் கல்லூரியைத் தொடங்கிய பங்கர் ராயின் கணக்கு. அந்தப் பாட்டிக்கு ஊர் மக்கள் மாதாமாதம் ஒரு சின்னத் தொகை கொடுக்க வேண்டும், மண்ணெண்ணெய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்ததிலிருந்து. என் தொழிலில் இருபது வயதுப் பையன்களே மல்டிமீட்டரைக் கண்டு பயப்படுவதைப் பார்த்தவன் நான். அந்தப் பாட்டிகளுக்கு ஒரு கும்பிடு.

உங்கள் ஆபீசில் இந்த வருஷம் சோலார் விளக்கு கொடுக்கத் திட்டம் இருந்தால், விளக்கின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, அந்தப் பணத்தில் இரண்டாவது பேட்டரியை இப்போதே கணக்கில் எடுத்து வையுங்கள். கழற்றி மாற்ற முடியாதபடி ஒட்டி மூடிய விளக்கை வாங்காதீர்கள். எப்போது கம்பி வரும் என்று மின்வாரியத்தில் முதலில் கேளுங்கள். செத்த லெட் ஆசிட் பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடை எது என்றும் பேசி வையுங்கள். இல்லாவிட்டால் அது யாரோ கொல்லைப்புறத்தில் உருக்கும் ஈயமாகத்தான் போய் முடியும். அந்த ஊரிலேயே இருக்கப்போகிற இரண்டு பெண்களைக் காட்டுங்கள், ஒரு வாரம் எங்கள் கடையில் வைத்து வேலை சொல்லித்தருகிறேன். காசு வேண்டாம், சாப்பாடும் எங்கள் வீட்டில்தான்.