ஸ்வநிதிப் பணம் கடன்தான்

ஊரடங்குக்குப் பின் சாலையோர வியாபாரிகளுக்குக் கிடைத்த 10,000 ரூபாயைத் திருப்பிக் கட்ட வேண்டாம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது இலவசம் அல்ல, கடன். 2020 ஜூனில் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் பிணையில்லாமல் கொடுத்தார்கள். ஓராண்டில் மாதத் தவணையாக அடைக்க வேண்டும். தவறாமல் கட்டுபவருக்கு 7 சதவீத வட்டி மானியம் கணக்கில் வரவாகும். அந்த வரவைப் பார்த்துத்தான் மொத்தமும் மானியம் என்ற பேச்சுக் கிளம்பியிருக்க வேண்டும். இதை நம்பித் தவணையை நிறுத்தியவருக்கு அடுத்த கட்டமாக வரும் பெரிய கடன் கிடைக்காது என்பதுதான் என் கவலை.

ஐயம் இருந்தால், கடன் வாங்கிய பூக்கடைக்காரர் யாரிடமாவது பாஸ்புக்கைக் கேட்டுப் பாருங்கள். மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் ஸ்வநிதி இணையதளத்தில் விதிமுறைகளும் இருக்கின்றன.