யோனாவுக்கு வந்த கோபம்

"பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், இயேசு வந்த பிறகுதான் எல்லாம் அன்பு" என்று கிறிஸ்தவர்களே சொல்வதுண்டு. இது புதுப் பேச்சு இல்லை. இரண்டாம் நூற்றாண்டிலேயே மார்சியோன் என்பவர் ஒரு படி மேலே போய், அந்தக் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்று சாதித்தார். கி.பி. 144 வாக்கில் ரோமாபுரிச் சபை அவரை விலக்கி வைத்தது.

எனக்கு இந்தப் பாகுபாடு ஒட்டவே இல்லை. இஸ்ரவேலர் பொன் கன்றுக்குட்டி செய்து வணங்கிய விவகாரம் முடிந்த கையோடு, யாத்திராகமம் 34இல் கடவுள் மோசேக்குத் தம்மைப் பற்றிச் சொல்கிறார். முதலில் வருவது இரக்கம், கிருபை, நீடிய சாந்தம். குற்றத்தைத் தண்டியாமல் விடமாட்டேன் என்பது அதற்கப்புறம்தான். இந்தப் பக்கம், புதிய ஏற்பாட்டில், மாற்கு 3ஐப் பாருங்கள். ஜெப ஆலயத்தில் சூம்பின கையோடு ஒருவன் நிற்கிறான். ஓய்வுநாளில் குணமாக்கினால் குற்றம் சாட்டலாம் என்று ஒரு கூட்டம் காத்திருக்கிறது. இயேசு அவர்களைக் கோபத்தோடு சுற்றிப் பார்க்கிறார், அவர்கள் மனக்கடினத்துக்காக வருத்தமும் படுகிறார். ஒரே வசனத்தில் இரண்டும் இருக்கின்றன. அந்தக் கை அவருக்கு ஒரு பொருட்டாக இல்லையென்றால் கோபம் எங்கிருந்து வரும்?

சரி, நான் சொல்ல வந்தது வேறு. கடவுளின் கோபம் நமக்கு ஜீரணமாகவில்லை என்கிறோம். உண்மையில் ஜீரணமாகாதது அவருடைய இரக்கம். பழைய ஏற்பாட்டில் யோனா என்ற தீர்க்கதரிசியின் புத்தகம் முழுக்க இதைத்தான் பேசுகிறது. நாம்தான் அவரை விழுங்கிய மீனிலேயே நின்றுவிடுகிறோம்.

நினிவே அசீரியர்களின் நகரம். அசீரியர்கள் யோனாவின் மக்களை நடுங்க வைத்த வல்லரசு, கி.மு. 722 வாக்கில் சமாரியாவைப் பிடித்து இஸ்ரவேலரின் வடக்கு அரசையே இல்லாமல் ஆக்கியவர்கள். அந்த நகரத்துக்குப் போய் எச்சரி என்றதும் யோனா எதிர்த்திசையில் கப்பல் ஏறினார். பயந்து ஓடினார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நாலாம் அதிகாரத்தில் அவரே காரணத்தைச் சொல்லிவிடுகிறார்: நீர் இரக்கமுள்ளவர், நீடிய சாந்தமுள்ளவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஓடினேன். மோசேக்குக் கிடைத்த அதே வார்த்தைகளை எடுத்துக் கடவுள் மேலேயே குற்றப்பத்திரிகை வாசிக்கிறார்! நகரம் மனந்திரும்பியது, அழிவு நின்றது, தீர்க்கதரிசி செத்துப்போகிறேன் என்கிறார்.

அப்புறம் நகரத்துக்கு வெளியே குடிசை போட்டு, என்ன ஆகிறது பார்ப்போம் என்று உட்காருகிறார். நிழல் தந்த ஆமணக்குச் செடி பட்டுப்போனதும் அதற்காகக் கொதிக்கிறார். நீ நட்டு வளர்க்காத செடிக்கே இவ்வளவு பரிதாபமா, வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரியாத லட்சத்து இருபதாயிரம் பேரும் அத்தனை மிருகஜீவன்களும் உள்ள ஊருக்காக நான் பரிதபிக்கக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார். மிருகஜீவன்களையும் கணக்கில் சேர்ப்பது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

எங்காவது ஒரு பேரழிவு நடந்தால், பிணங்களை எடுப்பதற்கு முன்பே "இது தேவகோபம்" என்று எழுதிவிடுகிறார்களே, அவர்களும் அந்தக் குடிசையில்தான் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த செய்தியில் இயேசு அந்த வழியை அடைத்தேவிட்டார். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பாவிகளா, இல்லை என்றார். நீங்கள் மனந்திரும்புங்கள் என்று எச்சரிக்கையைக் கேட்டவர்கள் பக்கமே திருப்பினார்.

அதற்காகக் கோபத்தைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. வேதத்தில் யோனாவுக்குப் பிறகு, மீகாவைத் தாண்டினால் நாகூம். அதே நினிவேயின் அழிவைச் சொல்லும் புத்தகம், கி.மு. 612இல் நகரம் விழுந்தும்விட்டது. அங்கேயும் முதல் அதிகாரத்திலேயே 'நீடிய சாந்தமுள்ளவர்' என்ற வார்த்தை இருக்கிறது. இரத்தப்பழிகளின் நகரம் என்று நாகூம் அதை அழைக்கிறார். அசீரியரின் வாளில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடம் போய், கடவுள் கோபமே படமாட்டார் என்று நம்மால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது.