ஆர்ஏ ஃபார்ம்ல 3 எப்படி 1 ஆகுது?

சிங்கப்பூர்ல பதினாலு வருஷமா கட்டுமான சைட்ல சேஃப்டி வேலை பாக்குறேன். ரொம்ப நாளா மனசுல கிடந்து உறுத்துறத இன்னிக்கு எழுதிடுறேன்.

எங்க ஆர்ஏ ஃபார்ம்ல, அதாவது வேலைக்கு முன்னாடி ஆபத்தைக் கணக்குப் போட்டு எழுதுற ரிஸ்க் அசெஸ்மென்ட் ஃபார்ம்ல, ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு நம்பர் போடணும், அடிபட்டா எவ்ளோ மோசம், நடக்க எவ்ளோ வாய்ப்பு, ரெண்டும் 1-லேர்ந்து 5 வரைக்கும். பெருக்கினா பெருசா வந்துச்சுன்னா வேலை நகராது. உடனே "ஒர்க்கர்ஸுக்கு ப்ரீஃபிங் குடுத்தாச்சு"ன்னு ஒரு வரி எழுதி வாய்ப்பை 3-லேர்ந்து 1 ஆக்கிடுறோம். நானும் எழுதியிருக்கேன். அஞ்சு நிமிஷம் பேசினதால ஒரு மனுஷன் தப்பே பண்ணாதவனா ஆயிடுவானா?

மனுஷத் தப்பைக் கணக்குப் போட அணு உலைக்காரங்க முறையே வச்சிருக்காங்க. 1980கள்ல பிரிட்டன்ல ஜெரமி வில்லியம்ஸ் கொண்டுவந்த 'ஹார்ட்' (HEART) முறைல, நேரம் பத்தலன்னா தப்புக்கான வாய்ப்பு 11 மடங்கு வரைக்கும் ஏறும், எப்பவாவது வர்ற பழக்கமில்லாத நிலைமைன்னா 17 மடங்கு. எங்க ஃபார்ம்ல அவசரத்துக்குன்னு ஒரு கட்டம்கூட கிடையாது. கான்கிரீட் லாரி வந்து நிக்குது சீக்கிரம் சீக்கிரம்னு விரட்டின அன்னிக்குத்தான் ஒரு பையனுக்கு விரல் போச்சு, ரிப்போர்ட்ல வந்தது "ஒர்க்கரின் கவனக்குறைவு". விரட்டினது எங்கயும் இல்ல.

அதே பட்டியல்ல வேலை-தூக்க நேரம் மாறிக் கெட்டா வெறும் 1.1 மடங்குதான்! இத என்னால ஒத்துக்கவே முடியல. விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து லாரி ஏறி வர்ற தம்பிங்கள மதியம் ரெண்டு மணிக்குப் பாத்தவங்களுக்குத் தெரியும், பேர் சொல்லிக் கூப்பிட்டா ரெண்டாவது தடவைதான் திரும்புவான், தலைக்கு மேல கிரேன்ல லோடு தொங்கும்.

2004 ஏப்ரல் 20, நிக்கோல் ஹைவே, சர்க்கிள் லைன் எம்ஆர்டி ரயிலுக்குத் தோண்டின பள்ளம், 4 பேர் போனாங்க. காலையிலேயே சத்தம் கேட்டுச்சு, இரும்பு வளையுறத ஆளுங்க கண்ணால பாத்தாங்க, இடிஞ்சது மதியம் மூணரைக்கு. அதுக்கும் முன்னாடியே பள்ளத்துச் சுவர் நகர்றத அளக்குற கருவியோட ரீடிங் லிமிட்ட தாண்டினப்ப லிமிட்டையே ஏத்திவச்சாங்க. சுவரைத் தாங்குற இரும்பு இணைப்போட டிசைன்லயே தப்பு இருந்துச்சு, கீழ நின்னவன் எவ்ளோ கவனமா இருந்து என்ன?

இப்பல்லாம் வேலை தொடங்குறதுக்கு முன்னாடி நடக்குற டூல்பாக்ஸ் மீட்டிங்ல முதல்ல "தம்பி, நேத்து எத்தன மணிக்குப் படுத்தே?"ன்னுதான் கேக்குறேன். போன வாரம் கிரேனுக்கு சைகை காட்டுற சிக்னல்மேன் ஒருத்தன் தயங்கித் தயங்கி "ரெண்டு மணி ஆச்சுண்ணே"ன்னான். அவன வேற வேலைக்கு மாத்தினேன், வேற சிக்னல்மேன் வர்ற வரைக்கும் லிஃப்டிங் அரை நாள் நின்னுச்சு, மேல இருக்கவங்களுக்குக் கோவம்தான். ஃபார்ம்ல 3 போட்டேன், 3-ஆவே இருக்கு.